“உங்க ஆளுதான் ஜனாதிபதி!”

2022 ஜூலை 25, திங்கட்கிழமை காலை. வங்கி திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நூறு நாள் வேலைக் கூலி ஏறியிருந்ததால், மலையிலிருந்து இறங்கி வந்த சனம் கவுண்டர் முன்னால் நெருக்கிக்கொண்டு நின்றது. எனக்குப் பின்னால் ஒருவர் செல்போனில் பதவியேற்பு விழா பார்த்துக்கொண்டிருந்தார். திரௌபதி முர்மு. சந்தால் பழங்குடிப் பெண். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை, சிலிர்த்தது.

சக ஊழியர் ஒருவர் (நல்ல மனுசன்தான், வீட்டில் பிறந்தநாள் என்றால் எல்லாருக்கும் கேக் கொண்டுவருவார்) சிரித்துக்கொண்டே சொன்னார்: “என்ன சார், முன்னாடி கோவிந்த், இப்ப இந்தம்மா. உங்க ஆளுதான் ஜனாதிபதி! இன்னும் எதுக்கு கோட்டா, அசோசியேசன், ஊர்வலம்?”

கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆயா. கைரேகை மெஷினில் விரல் விழவில்லை. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிப் பிடுங்கி ரேகை தேய்ந்துபோன விரல். மூன்று முறை வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. நான் சும்மா இருக்காமல், “ஆயா, மலைக்காரங்க ஒருத்தங்க ஜனாதிபதி ஆயிட்டாங்க, தெரியுமா?” என்றேன்.

“அப்புடியா தம்பி? எந்த ஊரு, வெள்ளிமலையா?”

“இல்ல ஆயா. ஒடிசா. வடக்க.”

கொஞ்சம் யோசித்தது. “பேத்திக்கு சாதி சர்ட்டிபிகேட்டுக்கு ஆறு மாசமா அலையறன். அந்தம்மா கையெழுத்துப் போட்டுக் குடுக்குமா?”

சக ஊழியர் பிறப்பைப் பேசினார். ஆயா கையெழுத்தைக் கேட்டது. குடியரசுத் தலைவர் தேர்தல் வரும்போதெல்லாம் நாம் முதல் கேள்வியிலேயே விழுந்து புரண்டுகொண்டிருக்கிறோம் தோழர்களே. இரண்டாவது கேள்விக்கு வருவதே இல்லை. நானும் வரவில்லை. அன்று இரவு உட்கார்ந்து ஒரு கவிதை எழுதினேன். மலை, பறை, மகுடம் எல்லாம் போட்டு. நல்லவேளை, எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான், விடுதலைச் சிறுத்தைகள் கட்சி யஷ்வந்த் சின்காவை ஆதரித்தது தப்பு என்று டீக்கடையில் தோழர்களோடு சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டிருந்தேன். “ஒரு ஆதிவாசிப் பெண் நிற்கும்போது கயஸ்தருக்கு ஓட்டா?” என்பதுதான் என் வாதம். அந்த வாதத்தில் எனக்கு இப்போது பாதி வெட்கம். பாதிதான்.

மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன். சின்கா யார்? வாஜ்பாய் அமைச்சரவையில் நிதி அமைச்சர். அரசு வங்கிகளில் அரசின் பங்கை 33 விழுக்காடாகக் குறைக்க 2000இல் மசோதா கொண்டுவந்தவர். வங்கி தனியார் கைக்குப் போனால் நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கு இடஒதுக்கீடு ஏது? அதுவும் எதிர்க்கட்சிகள் முதலில் தேடிப்போனது அவரை அல்ல. சரத் பவாரைக் கேட்டார்கள், பரூக் அப்துல்லாவைக் கேட்டார்கள், கோபாலகிருஷ்ண காந்தியைக் கேட்டார்கள். எல்லாரும் கையை விரித்த பிறகு சின்கா. அந்தப் பட்டியலில் ஒரு தலித்தோ ஒரு ஆதிவாசியோ உண்டா? தோற்கிற போட்டிக்குக்கூட அன்று நம் நினைப்பு வரவில்லை.

தோற்கிற போட்டிக்கு நம்மை நினைத்துக்கொண்ட தேர்தல்களும் உண்டு. 1992இல் சங்கர் தயாள் சர்மா ஜெயிப்பது உறுதி. அவரை எதிர்த்து பா.ஜ.க.வும் தேசிய முன்னணியும் மேகாலயாவின் ஜி.ஜி. ஸ்வெல்லை நிறுத்தின. காசிப் பழங்குடி. அந்த வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் முன்புதான், ஜூன் 20ஆம் தேதி, வாச்சாத்திக்குள் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்தன. பதினெட்டுப் பெண்கள். அவர்களும் நம் கல்வராயன் மலைக்காரர்களும் ஒரே மலையாளிப் பழங்குடி. டெல்லியில் ஒரு ஆதிவாசி வேட்பாளர் எம்.எல்.ஏ.க்களிடம் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மாதம் அது. ஸ்வெல்லுக்கு ஓட்டுப் போட்டவர்களும் போடாதவர்களும் வாச்சாத்தியைப் பற்றிப் பேசித்தானா ஓட்டுப் போட்டார்கள்? 2012இல் பிரணாப் முகர்ஜியை எதிர்த்து பி.ஏ. சங்மா, காரோ பழங்குடி. தமிழ்நாட்டில் அ.தி.மு.க. அவரை ஆதரித்தது. தோற்றார். 2017இல் பா.ஜ.க. ராம்நாத் கோவிந்தை அறிவித்த பிறகு, காங்கிரசுக்கு மீரா குமார் ஞாபகத்துக்கு வந்தார். ஜெகஜீவன் ராமின் மகள், மக்களவைத் தலைவராக இருந்தவர். தலித்துக்கு எதிராகத் தலித். சேவல் சண்டையில் இரண்டு சேவலும் நம்முடையது, கத்தி கட்டுகிறவன் மட்டும் வேறு ஆள்.

இதைப் புரிந்துகொள்ள 1932க்குப் போக வேண்டும். பூனா ஒப்பந்தத்தை நாம் ஆண்டுதோறும் சபிக்கிறோம். அதில் இருந்த ஒரு ஏற்பாட்டை மறந்துவிட்டோம். ஒவ்வொரு தனித்தொகுதியிலும் முதல் சுற்றில் தாழ்த்தப்பட்டோர் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைத்தான் எல்லாரும் சேர்ந்து இறுதிச் சுற்றில் தேர்ந்தெடுக்க முடியும். அதற்கு ஆயுள் பத்தாண்டு என்று எழுதினார்கள். 1945-46 தேர்தலில் முதல் சுற்றில் பல இடங்களில் அம்பேத்கரின் கட்சிக்கு முன்னிலை கொடுத்தது நம் சனம். இறுதிச் சுற்றில் சாதி இந்துக்களின் ஓட்டு அவர்களைக் கவிழ்த்தது. யாரை நிறுத்துவது என்று முடிவு செய்கிற உரிமை போனால், நிற்கிறவன் நம் சேரியில் பிறந்தவனாக இருந்தாலும் அவன் பதில் சொல்வது நமக்கு அல்ல, நிறுத்தியவனுக்கு. பாபாசாகேப் வாழ்நாளெல்லாம் மண்டையில் அடித்துச் சொன்னது இது. குடியரசுத் தலைவர் தேர்தல் அதே கதைதான். தொகுதி மட்டும் பெரிது.

“உங்க ஆளு” செய்ததைப் பார்ப்போம். நான் கோவிந்த் அவர்களின் பிறப்பைக் குறை சொல்லவில்லை, அவர் பட்டதும் நமக்குத் தெரியாததல்ல. கையெழுத்தைப் பார்ப்போம் என்கிறேன். நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்டு 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் இரண்டு மசோதாக்களை நிறைவேற்றி அனுப்பியது. செப்டம்பர் 1ஆம் தேதி அரியலூர் குழுமூர் அனிதா தூக்கில் தொங்கினாள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 வாங்கிய மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். அதே செப்டம்பரில் அந்த மசோதாக்களுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது. மறுத்தது குடியரசுத் தலைவர் பெயரால். ஒரு தலித்தின் பெயரால், ஒரு தலித் பிள்ளை செத்த மாதத்தில். அதை நமக்குச் சொல்லவும் இல்லை. 2019 ஜூலையில் வழக்கு மன்றத்தில்தான் தெரியவந்தது. அதே பேனா, பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட சாதியினருக்குப் பத்து விழுக்காடு கொடுக்கும்போது எவ்வளவு வேகம் பாருங்கள். 2019 ஜனவரி 8 மக்களவை, 9 மாநிலங்களவை, 12 கையெழுத்து. என் கவுண்டரில் ஒரு காசோலை கிளியர் ஆக அதைவிட நாளாகிய காலம் உண்டு.

“மந்திரி சபை சொன்னபடிதானய்யா கையெழுத்துப் போடணும், அந்தாளு என்ன பண்ணுவாரு? அது வெறும் ரப்பர் ஸ்டாம்பு” என்று சொல்லும் தோழர்களுக்கு: ரப்பர் ஸ்டாம்பைக் கேவலமாகப் பேசாதீர்கள். நான் தினமும் அதை வைத்துத்தான் சோறு தின்கிறேன். ஸ்டாம்பு விழாத சலான் வெறும் காகிதம். ஸ்டாம்பை ஒரு நிமிசம் தூக்கிப் பிடித்து “இதில் தேதி தப்பா இருக்குதே” என்று கேட்கிற எழுத்தர்தான் மேனேஜருக்குத் தலைவலி. அரசியல் சட்டம் அந்த ஒரு நிமிசத்தைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்திருக்கிறது. மந்திரி சபையின் ஆலோசனையை ஒரு முறை திருப்பி அனுப்பலாம். மசோதாவையும் ஒரு முறை திருப்பி அனுப்பலாம். ஜெயில் சிங் 1986இன் அஞ்சல் மசோதாவைக் கையெழுத்தும் போடாமல், திருப்பியும் அனுப்பாமல் மேசையிலேயே வைத்துக்கொண்டார். கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் அதிகாரத்தை விரிக்க வந்த அந்த மசோதா சட்டமாகவே இல்லை. இன்னொரு பக்கம், 1975 ஜூன் 25 இரவு பக்ருதீன் அலி அகமது கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அவசர நிலையில் யார் யார் எங்கெங்கே அடைக்கப்பட்டார்கள் என்பதை மூத்த தோழர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே.ஆர். நாராயணனையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1997இல் அவரை எதிர்த்து நின்ற டி.என். சேஷன் டெபாசிட் இழந்தார். நாராயணனை நிறுத்தியவர்களும் உழவூர் ஓலைக்குடிசைக் கதையைத்தான் விற்றார்கள். “முதல் தலித் குடியரசுத் தலைவர்” என்ற பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். ஆனால் அந்த மனிதர் பேனாவை எடுத்தபோது கதை மாறியது. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்ன குஜ்ரால் மந்திரி சபையின் பரிந்துரையைத் திருப்பி அனுப்பினார். 1998 செப்டம்பரில் பீகாரைக் கலைக்கச் சொன்ன வாஜ்பாய் மந்திரி சபைக்கும் அதே பதில். உச்ச நீதிமன்ற நியமனக் கோப்பு வந்தபோது, தாழ்த்தப்பட்டோரிலும் பழங்குடியினரிலும் தகுதியுள்ளவர்களைப் பரிசீலியுங்கள் என்று குறிப்பு எழுதினார். நீதித்துறை மேல்தட்டு துள்ளிக் குதித்தது. 2002 குஜராத்தின்போது இராணுவத்தை அனுப்பச் சொல்லிப் பிரதமருக்கு எழுதியதைப் பின்னால் அவரே சொன்னார். இரண்டாம் முறை அவரை நிறுத்தினார்களா? இல்லை. ஒரு முறை திருப்பி அனுப்பத் தெரிந்த பேனாவை இரண்டாம் முறை யாரும் வாங்குவதில்லை.

ஆகவே பிறப்பு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அந்த மேல்தட்டுப் புரட்சிப் பேச்சு எனக்குப் பிடிக்காது. “வர்க்கம்தான் முக்கியம் தோழர்” என்று சொல்லியே முப்பது வருடம் மாவட்டச் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தவன். நாராயணனுக்கு அந்தக் குறிப்பை எழுதச் சொன்னது அவர் பட்ட அவமானம்தான் என்று நம்புகிறேன். ஆனால் பட்டவர்கள் எல்லாரும் எழுதுவதில்லை. பட்டதை மறப்பதற்காகவே மேலே போகிறவர்களும் நம்மில் உண்டு. (எங்கள் வங்கிச் சங்கத்திலேயே காட்டட்டுமா?)

முர்மு விசயத்தில் என்னைக் குழப்பியதும் இதுவே. அவர் ஜார்க்கண்ட் ஆளுநராக இருந்தபோது ஒரு காரியம் செய்தார். ஆதிவாசி நிலத்தைக் காக்கும் சோட்டா நாக்பூர், சந்தால் பர்கானா குத்தகைச் சட்டங்களைத் தளர்த்த பா.ஜ.க. அரசு மசோதா அனுப்பியது. 2017இல் அவற்றைத் திருப்பி அனுப்பினார். தன் சொந்தக் கட்சியின் அரசுக்கு! இதை மறைத்துவிட்டு அவரைத் திட்டுவது அயோக்கியத்தனம். 2022இல் நான் சிலிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அவரை வேட்பாளராக அறிவித்த ஒரே வாரத்தில், ஜூன் 28ஆம் தேதி, மத்திய அரசு புதிய வனப் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. காட்டை எடுக்க மத்திய அரசு அனுமதி தருவதற்கு முன் கிராம சபையின் சம்மதம் வாங்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிலை அதில் போனது. பழங்குடியினர் ஆணையமே அந்த விதிகளை நிறுத்திவைக்கச் சொன்னது. ஒரு கையால் ஆதிவாசியை மாளிகைக்கு அழைத்துக்கொண்டு மறு கையால் ஆதிவாசியின் காட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். அந்த ஒரு வாரத்தில் நாம் எதைப் பேசினோம்? அவருடைய புடவையையும் அவர் கோயிலைப் பெருக்கியதையும் பேசினோம். 2023இல் வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் வந்தது. மாநிலங்களவை ஆகஸ்ட் 2, கையெழுத்து ஆகஸ்ட் 4. ராஞ்சியில் திருப்பி அனுப்பிய பேனா டெல்லியில் திருப்பவில்லை. மணிப்பூர் எரிந்துகொண்டிருந்த மாதங்கள் வேறு அவை. (அதே 2023 மே மாதம் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தை அவரைக் கொண்டு திறக்கவில்லை என்று எதிர்க்கட்சிகள் கொதித்தன. ஆதிவாசிப் பெண்ணுக்கு அவமானமாம். நியாயமான கோபம்தான். கட்டடத்துக்கு வந்த கோபம் காட்டுக்கு எங்கே போயிற்று?)

நம் ஊருக்கு வருவோம். கல்வராயன் மலையை அந்தக் காலத்தில் ஜாகிர்தார்கள் ஆண்டார்கள். சனம் அவர்களுக்கு வெட்டி உழைத்தது. ஜாகிர் போனது, வனத்துறை வந்தது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் கள்ளச்சாராயத்தில் செத்த பிறகுதான் உயர் நீதிமன்றம் மலைச் சனத்தின் நிலையைத் தானாக முன்வந்து விசாரித்தது. அரசியல் சட்டத்தின் அய்ந்தாவது அட்டவணையில் ‘அட்டவணைப் பகுதி’ என்று ஒன்று இருக்கிறது. பத்து மாநிலங்களில் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு கிராமம்கூட இல்லை. கல்வராயன் இல்லை, சவ்வாது இல்லை, நீலகிரி இல்லை. அதனால் 1996இன் பழங்குடிக் கிராம சபைச் சட்டம் இந்த மலை ஏறவே இல்லை. ஒரு பகுதியை அட்டவணைப் பகுதி என்று அறிவிப்பது யார்? குடியரசுத் தலைவர், ஆணை மூலம். நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. மாநிலம் கேட்க வேண்டும், மத்திய மந்திரி சபை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 2018இல் ராஜஸ்தானுக்கு அப்படிப் புது ஆணை போடப்பட்டது. ஆக, மாளிகையில் இருப்பவரின் பேனாவுக்கும் வெள்ளிமலைக்கும் நேர் வழி இருக்கிறது. அந்த வழியைப் பற்றி இதுவரை எந்த வேட்பாளரிடமாவது கேட்டிருக்கிறோமா? நான் கேட்கவில்லை. கவிதை எழுதிக்கொண்டிருந்தேன்.

1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி ஆணை இன்னொன்று. அதுவும் குடியரசுத் தலைவரின் பெயரில்தான் நிற்கிறது. மூன்றாம் பத்தியில், இந்து அல்லாதவர் தாழ்த்தப்பட்டவர் ஆக மாட்டார் என்று எழுதினார்கள். சீக்கியருக்கு 1956இல் கதவு திறந்தது. பவுத்தருக்கு 1990இல். கிறித்தவ தலித்துக்கு இன்றுவரை இல்லை. எறையூரில் கோயிலுக்குள்ளும் தேர்ப் பாதையிலும் சாதி பார்ப்பான், சர்ட்டிபிகேட்டில் மட்டும் “உனக்குச் சாதி இல்லை” என்பான். அதைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும் என்பது தெரியும். ஆனால் தன் பதவியின் பெயரால் நடக்கிற அநியாயத்தைப் பற்றி ஒரு குடியரசுத் தலைவர் வாய் திறந்தால் யார் தடுக்க முடியும்?

ஆயாவின் பேத்தி விசயமும் இதே வகை. பழங்குடிப் பட்டியலில் ‘மலையாளி’ என்பதற்குப் பக்கத்தில் தருமபுரி, வடார்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சி என்று பழைய மாவட்டப் பெயர்கள் இருக்கின்றன. தென்னார்க்காடு போய் விழுப்புரம் வந்து, 2019இல் கள்ளக்குறிச்சியும் வந்துவிட்டது. ஈரோட்டுப் பர்கூர் மலையில் இருக்கிற அதே மலையாளிக்கு இந்தச் சலுகையே கிடையாது, அவன் மாவட்டத்தின் பெயர் பட்டியலில் இல்லை. பேத்திக்குச் சர்ட்டிபிகேட் பதினோராவது மாதம் கிடைத்தது. கல்லூரிச் சேர்க்கை அதற்குள் முடிந்துவிட்டது. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி.

அடுத்த தேர்தல் 2027 ஜூலையில். எனக்குக் கவிதையைவிடக் கூட்டல் பெருக்கல் நன்றாக வரும், ஆகவே கணக்கைச் சொல்கிறேன். மக்களவையில் தனித்தொகுதி உறுப்பினர்கள் 131 பேர். தலித் 84, பழங்குடி 47. 2022 கணக்குப்படி ஒரு எம்.பி. ஓட்டின் மதிப்பு 700. ஆக 91,700. தமிழ்நாட்டுத் தனித்தொகுதி எம்.எல்.ஏ.க்கள் 46 பேர், ஓட்டு மதிப்பு 176. அது 8,096. நாடு முழுவதும் தனித்தொகுதி எம்.எல்.ஏ.க்கள் ஆயிரத்துக்கும் மேல். சரி, முர்முவுக்கும் சின்காவுக்கும் இடையில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் வித்தியாசம். இவர்கள் சேர்ந்தாலும் ஜெயிப்பது கடினம் என்பீர்கள். நான் ஜெயிப்பதைச் சொல்லவில்லை. வேட்பாளராக நிற்க முன்மொழிபவர் 50, வழிமொழிபவர் 50 வேண்டும். 131 பேரும் உட்கார்ந்தால் யார் தயவும் இல்லாமல் நம் வேட்பாளரை நாமே நிறுத்தலாம். 1932இன் முதல் சுற்றை நாமே நடத்திக்கொள்ளலாம். யாரும் கொடுக்க வேண்டியதில்லை.

“கட்சி விடாதே” என்று அழுவார்கள். எல்லா ஓட்டுக்கும் அந்த அழுகை செல்லும், இந்த ஓட்டுக்குச் செல்லாது. குடியரசுத் தலைவர் தேர்தலில் கொறடா உத்தரவு கிடையாது. வாக்குச்சீட்டு ரகசியம். கட்சி மாறி ஓட்டுப் போட்டால் பதவி போகாது. தனித்தொகுதி உறுப்பினருக்குத் தலைமையின் கண்ணுக்குத் தெரியாமல் தன் சனத்துக்காக ஒரு கோடு போடும் வாய்ப்பு அய்ந்து வருடத்துக்கு ஒரு முறை வருகிறது. அந்த ஒரு நாளிலும் மேலே பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவரை அடுத்த முறை காலனிக்குள் மாலை போட்டு வரவேற்பது யார்? நாம்தானே.

சங்கராபுரத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு கடிதம் தயாரித்திருக்கிறோம். 131 பேருக்கும். வேட்பாளர் யாரென்று தெரியும் முன்பே போய்ச் சேர வேண்டும், பெயர் வந்துவிட்டால் எல்லாரும் சாதகம் பார்க்கப் போய்விடுவார்கள். கேட்டிருப்பது இவ்வளவுதான்: நீங்கள் ஆதரிக்கப்போகிறவர் இதுவரை எதில் கையெழுத்துப் போட்டார், எதைத் திருப்பி அனுப்பினார், அட்டவணைப் பகுதி பற்றியும் 1950 ஆணையின் மூன்றாம் பத்தி பற்றியும் அவர் எழுத்தில் என்ன சொல்கிறார். எந்தச் சாதி, எந்த மாநிலம் என்பது கடிதத்தில் கடைசி வரி. அதை எடுத்துவிடலாம் என்று ஒரு தோழர் சொன்னார், இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். தபால் செலவுக்கு ஆளுக்கு நூறு ரூபாய் போட்டிருக்கிறோம். இந்தியிலும் ஒடியாவிலும் மொழிபெயர்க்க ஆள் இல்லை. தெரிந்த மாணவத் தோழர்கள் யாரும் இருந்தால் இதழ் முகவரிக்கு எழுதுங்கள்.